மகரக்கட்டுக்குப் பின்

சென்ற ஆண்டு பங்குனி உத்திரத்தன்று, ஸ்ரீ விஜயபுரம் என்று 2024 முதல் வழங்கப்பெறும் நமது போர்ட் பிளேர் நகரில், வெற்றிமலை முருகன் கோயிலில் காவடிகள் வந்து இறங்கிய பின்னர் ஒரு சிறுவன் பாடினான். என் அலுவலகத் தோழர் ஒருவருடைய மகன் அவன். பதின்மூன்று வயது. வள்ளி திருமணப் பாட்டு ஒன்றை அவன் எடுத்ததும், பிரசாதத்துக்காக வரிசையில் நின்றவர்கள் கூட வரிசையை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு பொங்கல் விழா, ஆண்டு விழா, கல்யாணம் என்று எங்கே தமிழர் கூடினாலும் அவனை அழைத்துப் பாடச் சொல்வது வழக்கமாயிற்று.

இவ்வாண்டு அவன் மேடை ஏறவில்லை. தந்தையாரைக் கேட்டேன். "தொண்டை போய்விட்டது, சார். மேலே எடுத்தால் கீச்சென்கிறது, கீழே இறங்கினால் கரகரக்கிறது. பையனுக்கு வெட்கம். இனிப் பாட்டு எதற்கு? படிப்பைக் கவனிக்கட்டும்" என்றார். அவர் குரலில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் கலந்திருந்தது. பையனோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தொண்டை போய்விட்டது என்பது உண்மைதானா? இளம் வயதில் ஊரெல்லாம் புகழ்ந்த குரல் வாலிபத்தில் என்ன ஆகிறது? அவ்வாறு புகழ்பெற்ற பிள்ளைகள் பெரியவர்களான பின் தங்கள் இசை வாழ்க்கையை எவ்விதம் நடத்திச் சென்றார்கள்? இவற்றைச் சற்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் உடற்கூற்றைப் பார்ப்போம். நம் குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய தசைமடிப்புக்கள் இருக்கின்றன. மூச்சுக் காற்று இவற்றினூடே வரும்போது இவை அதிர்கின்றன, அவ்வதிர்ச்சியே குரல். வீணையின் தந்தி நீளமாகவும் கனமாகவும் இருந்தால் சுருதி தாழ்ந்தும், குறுகி மெலிந்திருந்தால் உயர்ந்தும் ஒலிப்பதைப் போன்றதே இதுவும். சிறுவர் சிறுமியர் பேசும்போது இம்மடிப்புக்கள் வினாடிக்குச் சுமார் 250 முதல் 300 தடவை அதிர்கின்றன. பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே ஆண்பிள்ளையின் குரல்வளை விரைவாக வளர்ந்து, கழுத்தில் வெளியே தெரியுமாறு புடைக்கிறது. தசைமடிப்புக்கள் நீண்டு தடிக்கின்றன. முடிவில் அதிர்ச்சி வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 வரை என்று குறைந்துவிடுகிறது. அதாவது, ஏறத்தாழ ஒரு ஸ்தாயி முழுவதும் குரல் இறங்கிவிடுகிறது. ஐந்து கட்டைச் சுருதியில் துள்ளிப் பாடிய பையன் ஒரு கட்டைக்கோ இரண்டு கட்டைக்கோ இறங்க நேருகிறது.

பெண்களுக்கும் இந்த மாறுதல் உண்டு. ஆனால் அவர்களுக்குக் குரல் இரண்டு மூன்று ஸ்வர ஸ்தானங்கள் அளவே இறங்குகிறது. ஆகையால் வெளியார் அதை அவ்வளவாக உணர்வதில்லை.

தொல்லை எங்கே என்றால், வீடு புதிதாகக் கட்டப்படும்போதே அதில் குடியிருக்க வேண்டியிருப்பதுதான். குரல்வளை வளர்ந்துவிடுகிறது, அதை ஆளும் பயிற்சி மட்டும் பழைய அளவுக்கே பழகியிருக்கிறது. எந்த அழுத்தத்தில் எந்த ஸ்வரம் பிறக்கும் என்று பல ஆண்டுகள் பழகிய கணக்கெல்லாம் சில மாதங்களில் பொய்த்துப்போகிறது. ஆகவேதான் குரல் திடீரென்று வழுக்குகிறது, பிளவுபடுகிறது. இது நோய் அன்று. குரல் போய்விட்டதும் அன்று. சில மாதங்களிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ புதிய குரல் நிலைபெற்றுவிடும்.

இந்த நிலையைத் தமிழ் நாடகக்காரர்கள் 'மகரக்கட்டு' என்று அழைத்தார்கள். குரல் உடைந்துவிட்டது என்றும் நாம் சொல்வதுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு சொற்களை நிறுத்துப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் எனக்கு இவ்விரண்டில் முன்னதே பிடித்திருக்கிறது. உடைந்தது ஒட்டுவது அரிது. கட்டு என்றால் அவிழும் என்ற நம்பிக்கை அச்சொல்லிலேயே இருக்கிறது.

நாடகக்காரர்களுக்கு இதற்கெனத் தனிச்சொல் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனிகள் என்னும் பாலர் நாடக சபைகள் ஊர் ஊராகச் சென்றன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ் வாய்ந்தது. கிருஷ்ணன், பிரகலாதன், லோகிதாசன் முதலிய வேஷங்களை மட்டுமன்றி, ஸ்திரீ பார்ட்டுக்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்டவேண்டும். ஆர்மோனியத்தின் ஒலியையும் வென்று உயர்ந்த சுருதியில் பாடும் சிறுவனே கம்பெனியின் மூலதனம். அவனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் வசூல் குறையும். நேற்று வரை தூக்கி வைத்துக் கொண்டாடப்பட்டவன் அடுத்த நாள் திரைக்குப் பின்னே கோஷ்டி பாடவோ, ஒப்பனைப் பெட்டி சுமக்கவோ போகவேண்டியதுதான். வேறு வித்தை தெரிந்தவன் பிழைத்தான். தெரியாதவன் ஊர் திரும்பினான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. மேனாட்டு சங்கீத மேதையாகிய ஜோசப் ஹைடன், 1732-இல் பிறந்தவர், வியன்னா நகரத்து தேவாலயத்தில் பாடும் சிறுவராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். குரல் மாறியதும் 1749-ஆம் ஆண்டு அவர் அங்கிருந்து நீக்கப்பட்டார். கையில் காசில்லாமல் வெளியேறிய அந்தப் பதினேழு வயது வாலிபர் பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்தும், விழாக்களில் வாசித்தும் வயிறு வளர்த்தார். இரவில் இசை இலக்கணம் பயின்றார். பாடகச் சிறுவன் மறைந்த இடத்தில்தான் சாகித்தியகர்த்தா தோன்றினார்.

தமிழ்த் திரையுலகில் இதற்கு ஏற்ற உதாரணம் டி. ஆர். மகாலிங்கம். மதுரையை அடுத்த சோழவந்தானுக்கு அருகில் உள்ள தென்கரையில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். 1938-இல், பதினான்கு வயதில், ஏ. வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் கண்ணனாக வந்தார். உச்ச ஸ்தாயியில் கம்மாமல் நிற்கும் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு எஸ். ஜி. கிட்டப்பாவின் நினைவு வந்தது. செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, சிறுவனாகவே மேடையில் புகழ்பெற்று, 1933-இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்த கிட்டப்பாவின் இடத்தை நிரப்ப ஒரு பையன் கிடைத்துவிட்டான் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால் 'நந்தகுமார்' படத்தில் இன்னொரு செய்தியும் அடங்கியிருந்தது. அதில் தேவகியாக நடித்த பெண்மணிக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற பின்னணிப் பாட்டு முறை தமிழ்ப் படத்தில் புகுந்தது இந்தப் படத்தின் வழியாகத்தான். பாடி நடிக்கும் ஒரு சிறுவன் திரையில் தோன்றிய அதே படத்தில், பாடி நடிக்கும் நடிகர்களுக்குப் பின்னாளில் இடமில்லாமல் செய்யப்போகும் முறையும் தோன்றிவிட்டது. அன்று அதை யாரும் எண்ணியிருக்க முடியாது.

மகாலிங்கம் மகரக்கட்டைக் கடந்தார். வாலிபக் குரலிலும் அவருடைய மேல் ஸ்தாயி சாரீரம் நிலைத்தது. 1945-இல் வெளிவந்த 'ஸ்ரீ வள்ளி'யில் முருகனாக நடித்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. தமிழ்நாடெங்கும் அப்படம் பல வாரங்கள் ஓடியது. படம் வெளிவந்த பின்னர், கதாநாயகியின் பாட்டுக்களைப் பி. ஏ. பெரியநாயகியின் குரலில் மறுபடி பதிந்து சேர்த்தார்கள். மகாலிங்கத்தின் பாட்டுக்களுக்கோ மாற்று வேண்டியிருக்கவில்லை. 1947-இல் 'நாம் இருவர்', 1948-இல் 'வேதாள உலகம்', 'ஞானசௌந்தரி' என்று வெற்றிகள் தொடர்ந்தன.

அதன் பிறகு அவர் சொந்தமாகப் படம் எடுக்கலானார். 1950-இல் 'மச்சரேகை', 1951-இல் 'மோகன சுந்தரம்', 1952-இல் 'சின்னதுரை' முதலியன வெளிவந்தன. பணம் போயிற்று, கடன் வளர்ந்தது. இதே ஆண்டுகளில் திரையுலகின் நடையும் மாறியது. 1952-இல் 'பராசக்தி' வந்து, பாட்டை விட வசனத்துக்கு மக்கள் கை தட்டும் காலம் பிறந்தது. பாடத் தெரியாத நடிகருக்கும் நல்ல குரலை இரவல் வாங்கித் தர ஒலிப்பதிவு கற்றுக்கொண்டது. பாடகராக இருப்பதே நடிகருக்கு முதல் தகுதி என்ற விதி மறைந்தது. மகாலிங்கத்தின் குரலில் குறை ஒன்றும் ஏற்படவில்லை. அக்குரலுக்கு உரிய சந்தைதான் கலைந்தது.

ஆகவே ஓர் உண்மையை நாம் இங்கே மனத்தில் கொள்ளவேண்டும். இளம் பாடகருக்கு மகரக்கட்டு ஒன்று அல்ல, இரண்டு. முதலாவது உடம்பில் வருவது, எல்லாருக்கும் வருவது, தானே அவிழ்வது. இரண்டாவது ரசிகர்களின் ருசி மாறும்போது வருவது. இதற்கு வயது வரம்பு இல்லை. இது தானே அவிழ்வதும் இல்லை.

மகாலிங்கம் இரண்டாவது கட்டையும் அவிழ்த்துக்கொண்டு மீண்டார். கவிஞர் கண்ணதாசன் 1958-இல் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவருக்கு மறுவாழ்வு அளித்தது. பின்னர் அவர் தம்மைக் கதாநாயகனாகவே நிறுத்திக்கொள்ள முயலாமல், தம் பாட்டுக்கு இடம் உள்ள வேஷங்களை ஏற்றார். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரர் வேஷம் அவருடையது. வேற்று நாட்டு வித்துவான் ஒருவர் வந்து சபையை வென்றுவிடுவார் என்று கலங்கி, தன் பாட்டு போதுமா என்று இறைவனிடம் முறையிடும் பாடகர் அவர். பதினான்கு வயதில் கொண்டாடப்பட்டு, முப்பது வயதுக்குள் ஒதுக்கப்பட்டு, நாற்பதில் திரும்பி வந்த ஒருவர் அந்த வேஷத்தை ஏற்றதில் எவ்வளவு பொருத்தம்! 1973-இன் 'ராஜராஜ சோழன்' வரையிலும் திரையில் பாடினார். 1978-இல் மறைந்தார்.

இனிப் பெண் பாடகர்களைக் காண்போம். உடம்பு இவர்களிடம் சற்றுக் கருணை காட்டுகிறது, உலகம் காட்டுவதில்லை.

கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாகவே நாடக மேடையில் புகழ் பெற்றார். இலங்கையில் நாடகம் நடத்தச் சென்றபோது கிட்டப்பாவைச் சந்தித்து, அவரை மணந்தார். கிட்டப்பா மறைந்ததும் வெண்ணிற ஆடை பூண்டு மேடையை விட்டு ஒதுங்கினார். இருபதுகளின் வயதில் அவர் கதை முடிந்தது என்றே பலர் நினைத்திருக்கக் கூடும். ஆனால் 1935-இல் 'பக்த நந்தனா'ரில் ஆண் வேடத்தில் நந்தனாராகவே தோன்றினார். 1953-இல் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. காதற்பாட்டுக்களால் பெற்ற புகழைக் கிழவி வேஷத்துக்கும் பக்திப் பாட்டுக்கும் மாற்றிக்கொண்டு, முன்னிலும் பெரிய பாடகரானார் அவர். வயது ஏற ஏற அதற்கு ஏற்ற பாத்திரத்தைத் தேடிக்கொண்டமையே அவருடைய வெற்றி.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வரலாற்றை நேயர்கள் நன்கு அறிவார்கள். மதுரையில் 1916-இல் பிறந்தவர்; தாயார் சண்முகவடிவு வீணை வித்துவாம்சினி. பத்து வயதில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. இருபது வயதுக்குள் அவர் பெயர் எங்கும் பரவியது. 1938-இல் 'சேவாசதனம்', 1940-இல் 'சகுந்தலை', 1941-இல் 'சாவித்திரி', 1945-இல் 'மீரா' என்று திரைப்படங்கள் வந்தன. 'மீரா'வின் இந்தி வடிவம் 1947-இல் வெளிவந்து வடநாடு முழுவதும் அவரை அறிமுகப்படுத்தியது. அந்த உச்சியில் அவர் சினிமாவை விட்டு விலகிவிட்டார். வயது முப்பத்தொன்று.

இதைத் துறவு என்று பலர் போற்றுகிறார்கள். அதைவிட, அவர் மீண்டும் மாணவியானார் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலிய பெரியவர்களிடம் அவர் பாடம் கேட்டார். செம்மங்குடியாரின் குரலும் இளமையில் சங்கீதத்துக்கு இணங்காத முரட்டுக் குரலாக இருந்ததும், இடைவிடாத சாதகத்தால் அதை அவர் வசப்படுத்தியதும் இசையுலகம் அறிந்த செய்திகள். பிறவியிலேயே தேன்குரல் வாய்த்த பாடகி, குரலோடு போராடி வென்ற குருவிடம் கற்றார். வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963-இல் வந்தது. அதே ஆண்டில்தான் நமது போர்ட் பிளேர் வானொலி நிலையமும் தொடங்கிற்று. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண்மணியானார். அறுபது வயதைக் கடந்த பின் அன்னமாசாரியரின் தெலுங்குக் கீர்த்தனங்களைப் புதிதாகப் பாடம் செய்து, திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்காகப் பதிவு செய்து கொடுத்தார். 1998-இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. பத்து வயதில் தொடங்கிய பாட்டு 2004-இல் அவர் மறையும் வரையில் பெருமை குன்றவில்லை.

'பாப்' என்று வழங்கும் மேனாட்டு வெகுஜன இசையிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். அமெரிக்காவில் 1950-இல் பிறந்த ஸ்டீவி வொண்டர் கண்பார்வை இழந்தவர். 1963-இல், பதின்மூன்று வயதில், அவருடைய இசைத்தட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்போது அவர் பெயருக்கு முன்னே 'குட்டி' என்று பொருள்படும் 'லிட்டில்' என்ற சொல்லைச் சேர்த்து விளம்பரம் செய்தார்கள். குரல் மாறியபோது இவரை வைத்துக்கொள்வதா என்று மோடவுன் நிறுவனத்தில் சிலர் தயங்கினார்கள். அவரோ பல வாத்தியங்களை வாசிக்கவும் தாமே பாட்டு அமைக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். 1971-இல் இருபத்தொரு வயது நிறைந்ததும் பழைய ஒப்பந்தம் முடிவடைந்தது. தம் இசையைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்றுப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டார். உலகம் இன்று போற்றும் அவருடைய இசைத்தட்டுக்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவையே.

இவர்கள் அனைவருடைய வாழ்விலும் பொதுவாகக் காண்பன மூன்று. முதலாவது, குரலுக்கு அப்பாலும் ஒரு வித்தை. ஹைடனுக்கு இசை இலக்கணம், ஸ்டீவிக்கு வாத்தியம், சுப்புலட்சுமிக்கு வளர்ந்துகொண்டே இருந்த பாடாந்தரம். குரல் மட்டுமே முதலாக உள்ளவன் அது மாறும்போது ஏழையாகிறான். இரண்டாவது, பழைய புகழைப் பிடித்துக்கொண்டு தொங்காமை. பதினான்கு வயதுக் கண்ணனை இருபத்தொரு வயதில் நடிக்க முடியாது. சுந்தராம்பாள் ஔவையாக முதிர்ந்தது போல, பாட்டும் பாடகரோடு சேர்ந்து வயதடைய வேண்டும். மூன்றாவது, பணத்திலும் ஒப்பந்தத்திலும் தெளிவு. குரலைக் காப்பாற்றிக்கொண்ட மகாலிங்கத்தைக் கடன் வீழ்த்தியது. பிள்ளையின் பாட்டால் வரும் வருமானம் பிள்ளையின் பெயரில் சேரவேண்டும் என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது.

இனி நம் தீவுகளுக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்து மூன்று நாட் கப்பற் பயணத்தில் உள்ளவர்கள் நாம். ஹாடோவிலும் டிக்லிபூரிலும், இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய கட்சாலிலும் தமிழ்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் அப்பிள்ளைகளுக்குத் தமிழின் சுவை நாவில் ஒட்டுவது பெரும்பாலும் பாட்டின் வழியாகவே. 'ளகர'த்தையும் 'ழகர'த்தையும் பிரித்துச் சொல்ல இலக்கணப் புத்தகம் கற்பிக்காததை ஒரு காவடிச்சிந்து கற்பித்துவிடும். ஆகவே இங்கே ஒரு பையன் பாட்டை நிறுத்துவது ஒரு வீட்டுச் செய்தி மட்டும் அன்று.

மகரக்கட்டுப் பருவத்தில் செய்யத்தக்கவை எளியவை. பழைய சுருதிக்கு எட்டவேண்டும் என்று கத்தலாகாது. சுருதியை இரண்டு மூன்று கட்டை இறக்கி, மத்திம ஸ்தாயியில், வலியில்லாத எல்லைக்குள் மெதுவாகப் பாடவேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் போதும். குரல் வழுக்கினால் நிறுத்தி, தண்ணீர் அருந்தி, மறுபடி தொடங்கலாம். வலியோ நீண்ட காலக் கம்மலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மேடைக் கச்சேரிகளைச் சில காலம் ஒத்திவைக்கலாம். ஆனால் பாடத்தை ஒத்திவைக்கலாகாது. தாளம் போடவும், ஆர்மோனியம் அல்லது மிருதங்கம் பழகவும், பாட்டுக்களின் பொருளைக் கற்கவும் இதைவிட நல்ல காலம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் அவன் குரலைக் கேட்டுச் சிரிக்கலாகாது. பல பாடகர்களை இழந்ததற்குக் காரணம் தொண்டை அன்று, அந்தச் சிரிப்புத்தான்.

தோழரிடம் இவற்றைச் சொன்னேன். படிப்பு கெடுமே என்று தயங்கினார். படிப்போடு ஒரு மணி நேரம் போதும் என்றேன். மறு வாரம் மாலை அவர்கள் குடியிருப்பின் வழியே நடந்தபோது உள்ளே ஆர்மோனியம் ஒலித்தது. ஒன்றரைக் கட்டை. அதனோடு ஓர் இளைஞனின் குரல் சரளிவரிசையை முதலிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டின் தேன் அதில் இல்லை, கரகரப்பு இருந்தது, இரண்டு இடங்களில் வழுக்கியது. வழுக்கிய இடத்தில் நிறுத்தி, மறுபடி ஸட்ஜத்தைப் பிடித்தான். வாசலில் நின்ற தந்தையார் என்னைக் கண்டதும் பேசவேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்தார். நானும் அப்படியே சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.